மெஷின் அக்கா நிற்கும் பலகை

ட்ரெய்லரின் தரை பொத்துக்கொண்டு கால் உள்ளே போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. முழங்கால் வரை சிராய்ப்பு, கணுக்காலில் வீக்கம், அவ்வளவுதான். வேனிலிருந்து குதித்து ஓடிவந்த புருஷன், ஒற்றைக் கால் புதைந்து நின்றவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது.

அந்த வட்டாரத்தில் அவளை மெஷின் அக்கா என்றால்தான் தெரியும். பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரி முன்புறம், கம்பெனி வாசல் என்று புல் வெட்டிப் பிழைப்பு நடத்துகிறவள். தள்ளிக்கொண்டே நடக்கிற சின்ன மெஷினில் ஆரம்பித்து, உள்ளங்கை காய்த்து, முதுகு ஒடிந்து, இப்போதுதான் உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மெஷினுக்கு வந்திருக்கிறாள். வேன் ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் புருஷன் பொறுப்பு. வேனுக்குப் பின்னால் மெஷினை ஏற்றி இழுத்துப்போகிற ட்ரெய்லரும் அவர் பொறுப்புதான். வினை அங்கேதான் வந்தது.

அவர் சுத்தக்காரர். சுத்தம் வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் இந்த மனுஷனின் சுத்தம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நின்றுவிடும். ப்ளைவுட் தரையில் புல்சாறு பட்டுக் கறுத்துப்போகிறதே என்று, அதன்மேல் இரண்டு ரப்பர் விரிப்புகளைப் போட்டு, சுற்றிலும் தகரப்பட்டை வைத்து ஸ்க்ரூ அடித்தார். தினமும் சாயங்காலம் குழாயைப் பிடித்துக் கழுவினார். விரிப்புக்கு அடியில் போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே குடித்தனம் நடத்தியது. மேலே பளபளவென்று ரப்பர், கீழே பாலில் ஊறின ரொட்டி. "காலை வெச்சா அமுங்குதுங்க" என்று அவள் சொல்லாமல் இல்லை. "ரப்பர்னா அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். இரண்டு விரிப்பு சேருகிற இடத்தில் அவள் கால் வைத்த அன்று, யாருக்கு என்ன தெரியும் என்பது தெரிந்துபோயிற்று.

சேதி கேட்டு அவளுடைய அண்ணன் வந்தான். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். அவள் வீங்கிய காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருக்க, ஆண்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று அவள் நிற்கப்போகிற தரைக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

"இரும்புத் தகடு போட்டுடலாம் மாப்ளே. ஜென்மத்துக்கும் உளுக்காது."

"எதுக்கு மச்சான் அவ்வளவு வெயிட்டு? ப்ளைவுட்டே போதும். இந்தத் தடவை நல்லா பெயிண்ட் அடிச்சு, அதுக்கு மேல விரிப்பு..."

"மறுபடியும் விரிப்பா?" ஸ்டூல் கவிழ்ந்தது. "மெஷினை ஏத்தறது நான், இறக்கறது நான். மழையில அந்தத் தரையில நின்னு மெஷினைப் பெல்ட் போட்டுக் கட்டறது நான். வேனுக்குள்ள உக்காந்து பாட்டுக் கேக்கற நீங்க எனக்குத் தரை போடறீங்களா? பலகையை நான் பாத்து எடுக்கறேன். ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு வந்தா போதும்."

மறுவாரம் இருவரையும் கூட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே மரக்கடைக்குப் போனாள். கையில் ஒரு சாக்கு நிறைய, அன்று காலையில் வெட்டின ஈரப் புல். கடைக்காரர் அவளைத் தாண்டிப் புருஷனைப் பார்த்து, "சொல்லுங்க சார், என்ன வேணும்? அம்மா உள்ள ஃபேன்கிட்ட உக்காரட்டும்" என்றார். அவள் உட்காரவில்லை. இரும்பாலானது, மரத்தாலானது எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு கொண்டுவந்து தரையில் போடச் சொன்னாள்.

முதலில் அண்ணன் சொன்ன இரும்புத் தகடு, வழுக்காமலிருக்க மேடுமேடாக அடித்தது. சாக்கைக் கவிழ்த்துப் புல்லைக் கொட்டினாள், பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். "நடங்க" என்றாள் புருஷனிடம். அவர் மெதுவாக இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியில் சர்ரென்று வழுக்கிக் கடைக்காரரின் சட்டையைப் பிடித்துத் தொங்கினார். அண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளுக்கு வரவில்லை.

"வீட்டு மாடிக்கெல்லாம் இதைத்தான் போடறாங்க" என்று கடைக்காரர் பிளாஸ்டிக் கலந்த பலகை ஒன்றைக் காட்டினார். ட்ரெய்லரின் குறுக்குச் சட்டங்கள் எவ்வளவு தள்ளி இருக்குமோ அவ்வளவு தள்ளி இரண்டு செங்கல்லை வைத்து, அதன்மேல் பலகையைப் போட்டு ஏறி நின்றாள். நடுவில் தொய்ந்தது. "எனக்கே இப்படின்னா மெஷினுக்கு?" என்று இறங்கிவிட்டாள்.

கடைசியில், ஈரமும் பூச்சியும் அரிக்காதபடி மருந்து ஏற்றின கனத்த மரப்பலகை. அறுத்த சொரசொரப்பு அப்படியே இருந்தது. புல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, நல்ல காலால் குதித்துப் பார்த்தாள். வழுக்கவும் இல்லை, வளையவும் இல்லை. "இதைக் கட்டுங்க" என்றாள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் புருஷன் முகத்தைப் பார்த்தார். புருஷன் தன் சட்டையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.

பலகை போடுகிற அன்று அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அறுத்த முனைக்கெல்லாம் மருந்து பூச வைத்தாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி, தண்ணீர் நிற்காமல் ஓட. அண்ணன் மறுபேச்சில்லாமல் போல்ட் முறுக்கினான். புருஷனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"இவ்வளவு சந்து விட்டா நட்டு, ஸ்க்ரூவெல்லாம் கீழ விழுந்துடுமே."

"விழட்டும். நட்டு விழுந்தா நீங்க ஓடி வந்து பொறுக்கிடுவீங்க, அது எனக்குத் தெரியும். நான் விழுந்தா எடுக்க ஆளில்லை. அதுக்குத்தான் இந்தப் பலகை."

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. புருஷன் ட்ரெய்லரைப் பார்த்தார், பிறகு முதல்முறையாக அவள் கணுக்காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"கால் இப்ப... எப்படி இருக்கு?"

அவள் எழுந்தாள். நொண்டிக்கொண்டே புதுப் பலகையில் ஏறி, நடுவில் போய் நின்றாள்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள்.