மேஜை ஓரத்து நோட்டு

சங்கரன்கோவிலில் நான் வாத்தியாராக இருந்தபோது, ஊரிலேயே அதிகம் படித்தவன் நான்தான் என்று ஒருவர் உறுதியாக நம்பிவந்தார். அந்த ஒருவரும் நான்தான்.

என் வகுப்புப் பெண் கோமதிக்கு உதட்டோரத்திலும் விரல்களிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. அவள் அப்பா தினமும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டார்.

"மண்ணு பூசுததுக்கு அவ என்ன சுவரா வே? மதுரையில தோல் டாக்டர்ட்ட காட்டும்" என்று கேலி செய்து, டாக்டருக்கு நானே ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

அதே நாட்களில், மற்றப் பிள்ளைகளின் நோட்டுகளைக் கையில் வாங்கிய நான், கோமதியிடம் மட்டும் நோட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன். அதற்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் தேடவில்லை.

பத்து நாள் கழித்து, மதுரை போய்வந்த அப்பாவும் மகளும் பள்ளிக்கு வந்தார்கள்.

"டாக்டர் மருந்து குடுத்திருக்காரு சார்வாள். குணமாக நாளாகுமாம். ஆனா யாருக்கும் ஒட்டாதுன்னுட்டாரு. பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டேதான் பேசினாரு. தினம் மண்ணு பூசுத எனக்கே ஒட்டலையே, அது எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க."

குத்திக்காட்டுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

கோமதி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நான் அவசரமாகக் கையை நீட்டினேன். அவள் அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"கையில குடு தாயி."

"இருக்கட்டும் சார். இங்கனதான வைக்கணும்?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. நான் நடத்திய வேறெந்தப் பாடத்தையும் எந்தப் பிள்ளையும் இத்தனை பிழையில்லாமல் கற்றதில்லை.

அவள் அப்பா இன்றும் வழியில் கண்டால் கும்பிடுகிறார். பதிலுக்குக் கும்பிட எனக்குக் கை எழுவதில்லை.