நாற்பது தாளிலும் ஒன்று

உளவியல் முதலாம் ஆண்டு படிக்கும் அமராவதிக்குக் காலும் ஓய்ந்தது, மனமும் ஓய்ந்தது. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து செட்டிகுளத்தில் குடியேறியவர்களின் வீடுகள், அவளுடையதோடு சேர்த்து நாற்பது. இப்போது எவ்வளவு பயம் இருக்கிறது என்று ஆய்வுத் தாளோடு எல்லாவற்றிலும் கேட்டாயிற்று. பயமே இல்லையென்றால் ஒன்று, தாங்கமுடியாத பயமென்றால் ஐந்து. நாற்பது பேரும் ஒன்று என்றார்கள். விடைக்கு விடை வித்தியாசமே இல்லை, நியம விலகல் பூச்சியம். வீட்டிலிருந்தே நிரப்பினாயா என்றுதான் விரிவுரையாளர் கேட்கப்போகிறார்.

"ஏன் மாமா எல்லாரும் பொய் சொல்றீங்க?" என்று கடைசி வீட்டு வீரையாவிடம் எரிந்து விழுந்தாள்.

"கொறை சொன்னவங்கள மறுபடி லொறியில ஏத்தி எங்கயாச்சும் அனுப்பிருவாங்கன்னு, ஒங்கப்பாதான் வீடுவீடா வந்து சொன்னாரு தாயி."

தாள்களைப் புரட்டினாள். முதல் தாள் அப்பாவுடையது. அடுப்பெரியும் குசினி வாசலில் வைத்து அவளே கேட்டு எழுதியது. அதிலும் ஒன்றுதான்.

பெற்ற மகளின் பேனாவுக்கே பயந்திருக்கிறார், மனுசன்.