புது டிஸ்க் வரும் வரைக்கும்

பிரேக் கடைக்கு யாரும் சாவகாசமாக வருவதில்லை. நிற்பதற்குக்கூட அவசரப்படுகிறவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

என் கையில் இப்போது ஒரு புது டிஸ்க் இருக்கிறது. காடி என்று நாங்கள் சொல்லும் காரின் சக்கரத்துக்குப் பின்னால் சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இதைத்தான் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும். துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். தின்னர் நனைத்த துணியால் அதைத் துடைத்து எடுக்காமல் மாட்டினால் பிரேக் வழுக்கும். துடைப்பது என் வேலை. ஒரு பக்கம் துடைத்துவிட்டு நாலு வரி எழுதுகிறேன், மறுபக்கம் துடைத்துவிட்டு நாலு வரி. தாளில் விரல் கறை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேரி தீவுத் தோட்டப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் அதையும்.

கிள்ளானில் மணியம் அண்ணன் வொர்க்‌ஷாப்பில் எப்போதும் ஒரே கேள்விதான். ஸ்கிம் பண்ணுவதா, புதுசு போடுவதா? ஸ்கிம் என்றால் டிஸ்க்கை லேத்தில் ஏற்றி மேலாகச் சீவுவது. காலையில் கொடுத்தால் மத்தியானம் காடி கிளம்பிவிடும். புதுசு என்றால் கே.எல்.லுக்கு, அதாவது கோலாலம்பூருக்குச் சொல்லி, அது வந்து சேரும்வரை காடி இங்கேயே நிற்கும். மற்றவர்களுக்கு இது செலவுக் கணக்கு. எனக்கு வேறு கணக்கு. என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. லீவு கிடைத்தால் தன் காடியில் வருவார். காடி ரெடியானால் போய்விடுவார். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிற சகோதரிகளுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மலை இறங்கிய புது ஜோடி

கெந்திங் மலையிலிருந்து இறங்கி நேராக எங்கள் கடைக்கே வந்தார்கள், கல்யாணமாகி வாரம்கூட ஆகாத ஒரு ஜோடி. மாப்பிள்ளை மலை முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியிருக்கிறார். அடிவாரத்தில் புகை வந்ததும் பயந்துபோய் ஓடைத் தண்ணீரை மொண்டு சக்கரத்தில் ஊற்றிவிட்டார். பழுக்கக் காய்ந்த இரும்பு அல்லவா, நெளிந்துவிட்டது; அப்போதிலிருந்து மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறுகிறதாம்.

"டிஸ்க் தடிப்பாத்தான் இருக்கு, ஸ்கிம் பண்ணா போதும், ஆட்டம் சுத்தமா நின்னுரும்" என்றார் மணியம் அண்ணன். மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. அவர் காப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து, கைநிறைய மருதாணியோடு அந்தப் பெண் லேத்துப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, முழுசா எடுத்துடாதீங்க, கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும். காடி ஆடுனாத்தான் இவரு மெதுவா ஓட்டுறாரு, வாயத் தொறந்து என்கூட ரெண்டு வார்த்தை பேசுறாரு."

துணிக்கடைக்காரரின் சிவப்புக் காடி

ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, தாழ்வான சிவப்பு ஸ்போர்ட்ஸ் காடியிலிருந்து சிரமப்பட்டு இறங்கினார். மகன் ஆசையாக வாங்கியதாம். படிக்க லண்டன் போய்விட்டான். ஓட்டாமல் போட்டு பெட்ரி சார்ஜ் இறங்கிச் செத்துவிடக்கூடாது என்று வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் இதை எடுக்கிறாராம். நின்று நின்று டிஸ்க் துருப்பிடித்திருந்தது. வேகக் காடிகளுக்கு என்று உடம்பெல்லாம் ஓட்டை போட்ட டிஸ்க் அது. சீக்கிரம் சூடு ஆறுவதற்காக அப்படிச் செய்வார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் அடைத்திருந்த துருவை சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சியால் நான்தான் குத்தி எடுத்தேன்.

"அங்கிள், மகன் திரும்பி வர்றப்ப புதுசாவே இருக்கட்டுமே, மாத்திடலாமா?" என்று கேட்டார் மணியம் அண்ணன். பெரியவர் டிஸ்க்கைக் கையில் வாங்கி, துடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "வேணாம் தம்பி. துருவை மட்டும் எடுங்க. அவன் மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சதை நான் எதுக்குக் கழட்டிப் போடணும்?"

தொட்டிலும் லேத்தும்

என் மகள் பிறந்து மூன்றாம் மாதத்திலிருந்து இந்தக் கடையில்தான் வளர்கிறாள். பின்பக்கச் சட்டத்தில் ஸ்பிரிங் மாட்டி, சாரோங் கட்டித் தொட்டில் போட்டுக் கொடுத்தவர் மணியம் அண்ணன். லேத் ஓடினால் தூங்குவாள், நின்றால் விழித்துக்கொள்வாள். பேச்சும் இங்கேதான் கற்றாள். காடியிலிருந்து யார் இறங்கினாலும் அவளுக்கு அங்கிள்தான்.

நான் கூச்சக்காரி. கஸ்டமர் வந்தால் தொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவள் அப்படியில்லை, முன்னால் ஓடுவாள். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி, மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்தார். அவளும் ஓடினாள். ஓடி, கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, மணியம் அண்ணன் மாதிரியே இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "அங்கிள், ஸ்கிம்மா, புதுசா?"

மெலிந்துபோன தட்டு

அவர் காடியிலும் ஓட்டை போட்ட டிஸ்க்தான், செகண்ட் ஹேண்டில் வாங்கியபோதே இருந்தது. ஜொகூர் பாதையில் லோரிகளுக்குப் பின்னால் மிதித்து மிதித்து வந்தால் எதுதான் தாங்கும்? வந்ததும் சோறு கேட்பதற்கு முன்னால் ஸ்கிம் கேட்பார். "நாளைக்குக் கிளம்பணும்ணே" என்பார். ஒவ்வொரு தடவையும் சீவி முடித்து நான் துடைக்கும்போது, தட்டு இன்னும் கொஞ்சம் மெலிந்திருப்பது விரலுக்குத் தெரியும். எதுவரைக்கும் சீவலாம் என்று டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே போனால் புதுசுதான். கோவிலில் எல்லோரும் என்னென்னவோ வேண்டிக்கொள்கிறார்கள். நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்தத் தடவை மணியம் அண்ணன் அளந்து பார்த்து, "இனிமே சீவினா காத்தைத்தான் சீவணும் தம்பி" என்றார். என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. இடது பக்கம்தான் ரொம்ப மோசம், அதை மட்டுமாவது மாற்றி அனுப்பி விடுங்கள், வலது தாங்கும் என்று கெஞ்சினார். மணியம் அண்ணன் அசையவில்லை. "ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா மிதிக்கிறப்ப ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு லோரிக்கு அடியில போய்த்தான் நிப்ப. மாத்துனா ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும் லா."

காடி இல்லாத மனிதர்

பொதுத் தொலைபேசியில் ஃபோர்மேனுக்குச் சொல்லிவிட்டு வந்தவர், முதல் நாள் முழுக்க ஜாக்கியில் ஏற்றிய காடியையே சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் வீட்டில் ஒழுகுகிற குழாயைச் சரிபண்ணினார். அடுத்த நாள் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்களைப் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு நடத்தியே கூட்டிப்போனார். அவரோடு அவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை. காடியில் போனால் பாதையைத்தான் பார்ப்பார். நடந்தபோது என்னைப் பார்த்தார். கடலைத்தூள் போட்ட ஆப்பம் பாலிக்கை என்னிடம் நீட்டியவர், என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தத் தின்னர் வாடையிலயா நீ நாள் பூராவும் ஒக்காந்திருக்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

இன்று

காலையில் கே.எல்.லிலிருந்து பெட்டிகள் வந்துவிட்டன. நான் துடைப்பது அவருடைய டிஸ்க். வாசலில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் இரண்டாவது பெட்டியைப் பிரிக்கிறார். அதையும் துடைத்துக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுவார்கள், விடிந்தால் ஜொகூர் பாதை. எண்ணெய் எப்போதோ போய்விட்டது, கைதான் நிற்க மாட்டேன் என்கிறது. மணியம் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்: "தங்கச்சி, தேச்சுத் தேச்சு நீயே ஸ்கிம் பண்ணிடாத!"

சகோதரிகளே, நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறேன்: ஓடுகிற காடியை நிறுத்த கே.எல்.லிலிருந்து எத்தனையோ சாமான் வருகிறது, ஆனால் வீட்டுக்கு வந்த ஆளை நிறுத்த, இருங்கள், அவர் கூப்பிடுகிறார், "செல்வி, இங்க வந்து பாரு, இந்தப் பெட்டியில ஓட்டையில்லாத டிஸ்க்கை மாத்தி வெச்சிட்டானுங்க, திருப்பி அனுப்பணும், அவசரமில்லன்னு சொல்லிட்டேன்" என்று, குரலில் கோபத்தையே காணோம், தோள் மேலேயிருந்து மகள் வேறு, "அம்மா, அப்பா கூப்பிடுது, வா" என்று, இதோ தின்னர் டப்பாவை மூடிவிட்டு