நரி நனைத்த வேலிக்கட்டை

தொழுகையைக் கெடுக்கும் அசுத்தம், நஜீஸ் என்றால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வளவின் மூலை வேலிக்கட்டையை நரி மூத்திரம் பெய்து நனைத்திருந்ததை முதலில் கண்ட காலை, சுபஹுத் தொழுகைக்குப் புறப்பட்டவன் திரும்பி வந்தேன். வாளி, சவர்க்காரம், ஒரு பிடி மண் எடுத்துப்போய் ஏழு தரம் கழுவினேன். நாய்க்குள்ள இந்த ஏழு தரச் சட்டம் நரிக்கும் உண்டா என்று யாரிடமும் கேட்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போகும் வழி அது, உடுத்த சாரத்தில் பட்டால் தொழுகை போச்சு.

மறுநாளும் கட்டை ஈரம். மூன்றாம் நாள் வாசல் படலையும் ஈரம்.

"உட்டுத் தள்ளுங்க, வெயிலுக்குக் காஞ்சி போகும்" என்றாள் மனைவி. அவள் கவலையெல்லாம் கொட்டிலில் நின்ற கிடாய்தான். அவளுடைய வாப்பா மரணப் படுக்கையில், மௌத்தாகுமுன், தன் பேரில் ஹஜ்ஜுப் பெருநாளில் ஒரு கிடாயை அறுத்துக் குர்பான் கொடுக்கச் சொல்லியிருந்தார். குட்டியாக வாங்கிப் போத்தல் பால் கொடுத்து வளர்த்தாள். குர்பான் ஆட்டில் குறை இருக்கக்கூடாது என்று தினமும் அதன் கொம்பையும் காதையும் தடவிப் பார்ப்பாள்.

அவளுடைய தம்பி விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவன் என் வாளியைப் பார்த்துச் சிரித்தான். படலையருகே குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மச்சான், ஆணா பொண்ணா, எப்ப வந்திச்சி, எல்லாம் அந்த மூத்திர மணத்தில இருக்கு. மத்த நரி மோந்து பார்த்தே விளங்கிக்கும். நீங்க அழிக்க அழிக்க அது புதுசாப் போட வருது. உங்கட வளவில நாயும் இல்ல. கழுவுறத உட்டுட்டுக் கொட்டிலுக்குக் கம்பிவலை அடிங்க."

"அப்ப நஜீஸ வச்சிக்கிட்டுத் தொழச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தேன்.

கம்பிவலை பெருநாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். கழுவுவதை மட்டும் விடவில்லை. ஈரம் படலையிலிருந்து கிணற்றடிக்கு வந்தது. அங்கிருந்து தென்னைக்கு. கழுவிய பிறகும் அந்தப் புளித்த நெடி என் மூக்கை விட்டுப் போகாமல் கிடந்தது.

ஒரு விடியலில் கொட்டில் கட்டையே நனைந்திருந்தது. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. மனைவியிடம் சொன்னால் தம்பி சொன்னது சரியென்று ஆகிவிடும். அவள் எழும்புமுன் கழுவித் துடைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்க, நான் தொழுதுவிட்டுத் திரும்புகையில் அவள் கொட்டிலுக்குள் உட்கார்ந்திருந்தாள். கிடாய் அவள் மடியில் தலைவைத்து நடுங்கியது. வலது காது அடியோடு இல்லை.

கட்டையில் ஈரம் இருந்தது. பழக்கதோஷத்தில் வாளியை எடுத்து வந்தேன். அவள் கட்டையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இதுக்கு முந்தியும் இங்க கழுவினீங்களா?"

"ஓம்."

"சொல்லியிருந்தாக் குசினிக்குள்ள, அடுப்படியில கட்டியிருப்பேனே" என்றாள்.