இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவே

பாலக்கரையில் எங்கள் வீட்டுப் பரணில் என் அப்பாவின் சவப்பெட்டி கிடந்தது. பெட்டியாக அல்ல, பலகைகளாக.

அம்மா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஓர் ஐப்பசி அடைமழையில் இறந்தாள். அவசரத்துக்குக் கிடைத்த இலவ மரப் பெட்டியில்தான் அவளைக் கொண்டுபோனோம். கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கும்போது அடிப்பலகை விட்டுவிட்டது. குழியில் தண்ணீர் நின்றது. அப்பா அதைப் பார்த்தார். மறு மாதமே மரக்கடைக்குப் போய், ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, முதிர்ந்த தேக்கில் தமக்கு வேண்டியதை வாங்கி வந்தார். ஒவ்வொன்றின் முனையிலும் உளியால் சின்னதாய் ஒரு சிலுவை கீறிப் பரணில் ஏற்றினார். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. தெருவில் கேலி செய்பவர்களிடம், "பெட்டி ரெடி, ஆளுதான் இன்னும் ரெடியாகலை" என்பார்.

பிறகு அவருக்குக் கண் போயிற்று. பரணை அண்ணாந்து பார்க்க முடியாததால், மாலை ஜெபமாலை முடிந்ததும் என்னைக் கேட்பார்.

"பலகை பத்திரமா இருக்கா, தம்பி?"

"இருக்குப்பா."

நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுவில் எனக்கு ஹை-ஃபை பித்துப் பிடித்தது. ஆம்ப்ளிஃபயரை நானே ரேடியோ வால்வுகள் வைத்துக் கட்டினேன். ஸ்பீக்கர்களைச் சென்னையிலிருந்து வரவழைத்து இரண்டு பெட்டிகளில் பொருத்தினேன். ஆனால் தரையில் வைத்தால் கீழ் ஸ்தாயி கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல வந்தது. மாமர ஸ்டூல்களில் வைத்துப் பார்த்தேன். ஸ்டூல்களும் சேர்ந்து பாடின. செங்கல் அடுக்கிப் பார்த்தேன். "வீடா, காளவாயா?" என்று என் மனைவி கேட்டாள்.

ஸ்டாண்டுக்கு மூன்று குணங்கள் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. கனமாக இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு நேராக ஸ்பீக்கரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வாய் திறக்கக் கூடாது. தட்டினால் ஒரே ஒரு சத்தம் வந்து அங்கேயே அடங்கிவிடுகிற மரம் வேண்டும். ஊரிலுள்ள மரக்கடைகளில் தட்டிக்கொண்டே திரிந்தேன். வேம்பு, பூவரசு, வேங்கை எல்லாம் பார்த்தேன். தேக்கும் இருந்தது, ஆனால் ஈரம் காயாதது. இரண்டு கோடையில் முறுக்கிக்கொள்ளும்.

ஒரு விடுமுறை நாளில் பழைய ரேடியோப் பெட்டி ஒன்றைத் தேடிப் பரணில் ஏறினேன். கீழே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பலகைகளைப் பார்த்ததும் கை தானாக மடங்கித் தட்டியது. அத்தனை நாள் தேடிய சத்தம் அங்கே இருந்தது. பத்து வருடம் ஓட்டுச் சூட்டில் கிடந்து காய்ந்த மரம்.

இரண்டு பலகைகளை எடுத்தேன். புதிதாக இரண்டு வாங்கி அந்த இடத்தில் வைத்துவிட்டால், அப்பாவுக்குத் தேவைப்படும்போது அவையும் காய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். அவருடைய ஆயுளையும் நானே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பாலக்கரைத் தச்சர்களுக்கு அந்தப் பலகைகளைத் தெரியும். அதனால் குதிரை வண்டியில் ஏற்றி, காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் ஒரு தச்சரிடம் கொண்டுபோனேன். அவர் சிலுவையைத் தடவிப் பார்த்து, "இது என்னங்க குறி?" என்றார். மரக்கடைக்காரன் போட்ட அடையாளம் என்றேன். இழைத்துவிடட்டுமா என்று கேட்டார். எனக்கு ஏனோ அதற்கு மனம் வரவில்லை. மேல்தட்டின் அடிப்பக்கம், விளிம்போரம், கண்ணில் படாமல் வைத்துவிடச் சொன்னேன்.

நான் வரைந்து கொடுத்த அமைப்பு இதுதான்: பலகைகளை அறுத்து நான்கு புறமும் மூடிய, உயரமான, ஒல்லியான இரண்டு கூடுகள். ஆணி கூடாது, திருகுதான். உள்ளே எதிரொலி வராமலிருக்க மண் நிரப்ப வேண்டும். காவிரி மணலைச் சலித்து முற்றத்தில் காயவைத்து நானே நிரப்பினேன். மேல்தட்டில் சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டினேன். என் அப்பாவின் பலகைகளைப் பெட்டியாக அடித்து அதில் மண்ணையும் போட்டு மூடியிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதன்முதலில் கேட்க, ஸ்ரீரங்கத்துக்காரரான சக ஆசிரியர் ஒருவர் ஞாயிறு பிற்பகலில் வந்தார். ஒரு பெண் தனியாகப் பாடிய பக்திப் பாட்டு ரிக்கார்டைப் போட்டேன். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே அளவில் ஒலித்தால் குரல் இரண்டிலுமிருந்தும் வராது. நடுவிலுள்ள வெற்றிடத்திலிருந்து வரும். பௌதிகம்தான். வகுப்பில் விளக்கியிருக்கிறேன். ஆனால் அன்று அது வந்த விதத்தில் என் கழுத்துமுடி சிலிர்த்தது. நண்பர் கண்ணைத் திறந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என்ன ஓய், மனுஷா இருக்கா மாதிரின்னா இருக்கு."

மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா நிமிர்ந்தார்.

"யாரு முழங்கால்ல நிக்கிறது?"

யாருமில்லை, பாட்டு என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் முகத்தை அங்கிருந்து திருப்பவில்லை. எனக்கு விளக்கம் தெரியும். குரல் தரையிலிருந்து எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று அளந்து கொடுத்தவன் நான்தான். உட்கார்ந்திருப்பவரின் காது உயரம், முழங்காலில் நிற்கும் ஒரு பெண்ணின் வாய் உயரமாக அமைந்துவிட்டது. அம்மா சாகும்வரை மாலை ஜெபத்துக்கு முழங்காலில் நின்ற இடமும் அதுதான்.

அன்று முதல் தினமும் ஜெபத்துக்கு முன் அந்த ரிக்கார்டை ஒரு முறை போடச் சொல்வார். பாட்டு முடிந்ததும் ஜெபமாலையை எடுப்பார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் மந்திரத்தின் முன்பாதியை அவர் சொல்ல, பின்பாதியை நானும் என் மனைவியும் சொல்வது வழக்கம். இப்போது அவர் எங்களுக்காகக் காத்திருப்பதில்லை. முன்பாதியைச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டுகளுக்கு நடுவே முகத்தை வைத்து, ஒருவர் பின்பாதியைச் சொல்லி முடிக்கும் நேரம் சும்மா இருப்பார். பிறகு அடுத்த மணிக்குப் போவார். நாங்கள் வாயைத் திறந்தால் அது குறுக்கே பேசுவது போலிருந்தது. என் மனைவி சமையலறையிலிருந்தே ஜெபம் சொல்லத் தொடங்கினாள்.

ஒருநாள் மாலை, ஜெபத்தின் நடுவில் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். கைகளை நீட்டிக்கொண்டு நேராக அந்த இடத்துக்கு நடந்தார்.

"போதும் எந்திரி, கால் மரத்துப்போவும்" என்றார்.

தூக்கிவிடக் குனிந்த கை வெறும் காற்றில் போய் இடது ஸ்டாண்டில் இடித்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் மரத்தின்மேல் இறங்கின, ஏறின. மேல்தட்டின் விளிம்புக்கு வந்தன. கட்டைவிரல் அடியில் போய் ஓரிடத்தில் நின்றது. பிறகு கையை மடக்கி, விரல் முட்டியால் ஒரு தட்டு. டொக்கென்று வந்து அடங்கியது.

நான் அவர் பின்னால்தான் நின்றேன். அவர் திரும்பி, தட்டுத் தடுமாறாமல் நாற்காலிக்கு வந்து, விட்ட மணியிலிருந்து தொடங்கி ஜெபத்தை முடித்தார். முடிந்ததும் கேட்டார்.

"பலகை பத்திரமா இருக்கா, தம்பி?"

ஒப்புக்கொள்வதற்கு எனக்கு அவர் கொடுத்த இடம் அது. அந்த நிமிடமே எனக்கு அது தெரியும்.

"இருக்குப்பா" என்றேன்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தம்மைப் பங்குச் சாமியாரிடம் அழைத்துப்போகச் சொன்னார். கோவிலில் ஏழைகளுக்கென்று ஒரு பொதுப்பெட்டி இருந்தது. கல்லறைவரை அதில் கொண்டுபோய், உடலைத் துணியோடு குழியில் இறக்கிவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். தம்மை அதில்தான் கொண்டுபோக வேண்டும், தனிப்பெட்டி வேண்டாம் என்று அப்பா சொன்னார். சாமியார் நெகிழ்ந்துபோனார். அம்மாவின் குழியில் நின்ற தண்ணீரை அவர் பார்த்ததில்லை.

மாற்றுப் பலகைகளை அதுவரை நான் வாங்கியிருக்கவில்லை. மறுநாளே வாங்கிப் பரணில் ஏற்றியிருக்கலாம். ஏற்றும் சத்தம் அவருக்குக் கேட்கும். நான் எடுத்ததை நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். அதனால் வாங்கவில்லை. ஒவ்வொரு மாலையும், இன்று கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று உண்மையான பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அதன் பிறகு பலகையைப் பற்றிக் கேட்கவேயில்லை. ரிக்கார்டையும் போடச் சொல்லவில்லை. ஆனால் முன்பாதியைச் சொல்லிவிட்டு அங்கே முகத்தை வைத்துக் காத்திருப்பதை மட்டும் அவர் விடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்னபடியே பொதுப்பெட்டியில் கொண்டுபோனோம். துணியோடு இறக்கினோம். குழிக்குள் என்ன இருந்தது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. இத்தனை தாழ்மையுள்ள மனிதரை இந்தப் பங்கு கண்டதில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்டவருக்குப் பிள்ளையாகப் பிறக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். காலியாக இருந்தும் என் பக்கம் மட்டும் கனத்தது.

ஸ்டாண்டுகள் இன்னும் என் வீட்டில் அதே இடத்தில் நிற்கின்றன. பாட்டுக் கேட்பதை விட்டு வெகுகாலமாயிற்று. இதையெல்லாம் நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஆனாலும் கூட்டும்போது அவள் அவற்றுக்கு நடுவே போனதில்லை. விளக்குமாற்றை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டிவிட்டு, முழங்காலில் நிற்கும் ஒருவரைச் சுற்றிப் போவது போல ஒதுங்கிச் சுற்றித்தான் போவாள்.