சுடாத தீச்சட்டி

நைனாவுக்குப் பீடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. ஆனாலும் இருமினார். செவ்வாப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி அவர் தெருவுக்குள் நுழையும் முன்பே இருமல் வந்து சொல்லிவிடும். பட்டணத்தில் ஒரு பட்டறையில், பாய்லர்களின் சூடு வெளியே போகாதபடி கல்நார் சுற்றுவது அவர் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்த அதேதான். மாவு மில்காரரைப் போலத் தலையெல்லாம் வெள்ளையாக வருவார். அம்மா வாசலிலேயே நிறுத்தி, சட்டையை வாங்கி உதறிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய் வேப்பிலை கட்டி வலம் வந்தும் இருமல் நிற்கவில்லை. ஆள்தான் பாதியாகிப் போனார். அதனால் அந்த ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். சோற்றுப் பானையை இறக்கவே அவளுக்கு இரண்டு துணி வேண்டும். நைனாவுக்கு அதுதான் கவலை.

முதல் நாள் மாலை இடுப்பில் சுருட்டி ஒரு கல்நார்த் துணியைக் கொண்டுவந்தார். அதை அடுப்பில் போட்டு, கருகாமல் வெள்ளையாகவே வெளியே எடுத்துக் காட்டினார். நானும் தம்பியும் கைதட்டினோம். வித்தைக்காரர் எங்கள் வீட்டிலேயே இருப்பதில் எங்களுக்கு ஏகப் பெருமை. கத்தியால் அதை இரண்டாக அறுத்தபோது தூசு பறந்தது. இருமல் வந்து, கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேப்பிலைக்கு அடியில வெச்சிக்கினு போ. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"ஆத்தாளுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"கை வெந்துட்டா எனக்குக் கஞ்சி யாரு ஊத்துவா? அதுவும் அவளுக்குத் தெரியும்."

மறுநாள் அம்மா தெருத்தெருவாகச் சுற்றி வந்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. அம்மன் அருள் என்று வீட்டுக்கு வீடு அவள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தை பிறப்பதற்குள் நைனா போய்விட்டார். நெஞ்சுக்குள் புற்று என்றார்கள் ஆஸ்பத்திரியில். எதனால் வந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. காரணம் தெரியும் என்று நினைத்தவள் அம்மா ஒருத்திதான்.

வருஷத் துக்கம் கழிந்து வந்த ஆடியில் அவள் வெறுங்கையில் தீச்சட்டி எடுத்தாள். இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்துப் போயிற்று. நான்தான் கஞ்சி ஊட்டினேன்.

"அன்னிக்கே இப்பிடி வெந்திருந்தா உங்க நைனா இருந்திருப்பாரு," என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன். அந்தத் துணியில் பறந்த அதே கல்நார்த் தூசுதான் அத்தனை வருஷமாக நைனாவின் நெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.