பெயர் சொல்லாமல் வாசித்த கனவு

கனவு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் உழுந்துவடை மணக்கும். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வடையில் ஒரு பிழையும் இல்லை. அதைத் தின்ற வாய்களை நினைத்துத்தான் இந்த அருவருப்பு.

யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலம். மானிப்பாயில், ரியூசன் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரிக் கொட்டிலில், ஞாயிறு பின்னேரங்களில் அந்தச் சங்கம் கூடும். கனவை ஆராய்வதற்கென்றே ஒரு சங்கம்! கரண்ட் இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, வானத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓட்டம். இதற்குள்ளே சனங்களின் நித்திரையை ஆராய ஒரு ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஒரு டொக்டர், கோட்டில் வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்து என்று படித்த கூட்டம். விரிவுரையாளர்தான் தலைவர். வெளிநாடுகளில் இப்படிச் சங்கங்கள் உண்டாம், எங்களுடையதும் அதே தரமாம். "இது தொழில்சார் சங்கம். இலாப நோக்கம் துளியும் இல்லை" என்று காண்பவருக்கெல்லாம் சொல்லுவார். எரியிற வீட்டில் பிடுங்கினது இலாபம் என்று சும்மாவா சொன்னார்கள்? காசு அவர்களுக்கு வேண்டாம், கனவுதான் வேண்டும். அந்த நாளில் எங்கள் சனத்திடம் மிச்சமாய்க் கிடந்ததும் அதுதான்.

என் அக்காவின் கணவர் தபால் கந்தோரில் கிளாக்கர். கொழும்பில் ஏதோ அலுவல் என்று புறப்பட்டு, தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால் கிளாலியில் வள்ளம் ஏறியவர் அக்கரை போய்ச் சேரவில்லை. கடலில் துப்பாக்கிச் சூடு நடந்தது என்றார்கள். அவர் போன வள்ளமா வேறு வள்ளமா என்று சொல்ல ஆளில்லை. உடலும் இல்லை. மாதங்கள் போக, அத்தானின் தாய், செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்துவிட வேண்டும் என்று நின்றார். கிரியை செய்யாவிட்டால் மகன் கரையேறாமல் அலைவான் என்பது மாமியின் பயம். அக்கா ஒரேயடியாக மறுத்தாள். அந்தியேட்டி என்றால் பொட்டை அழிக்க வேண்டும், தாலிக்கொடியைக் கழற்ற வேண்டும். செத்ததைக் கண்ட ஒருவர் வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் இல்லை என்றாள். தினமும் சோறு வடித்ததும் முதலில் அத்தானின் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவாள்.

பிறகு கனவு வரத் தொடங்கியது. அத்தான் குசினி வாசலில் நின்று "சோறு கிடக்கோ?" என்று கேட்கிறாராம். இவள் போட்டுக் கொடுக்கிறாளாம். அவர் ஒரு வாய் வைக்கும் முன்னர் இவளுக்கு விழிப்பு வந்துவிடுமாம். "எங்கையோ பிடிச்சு வைச்சிருக்கிறாங்களடி. சாப்பாடு குடுக்கிறாங்களில்லை" என்று என்னிடம் அழுதாள்.

சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் போகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "சாத்திரியிட்டைப் போனால் வாய்க்கு வந்தபடி சொல்லுவான். உவை படிச்ச மனிசர். உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ எண்டு கனவைக் கேட்டால் விளங்கும்தானே?" சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தலைவர் அவளைக் கதிரையில் இருத்தினார். என்னைப் பார்த்து, "சொந்தக்காரர் வெளியாலை நிக்கவேணும், அது முறை" என்றார். அவளிடம் குரலைக் குழைத்து, "ஒண்டையும் மறைக்காதேங்கோ பிள்ளை. இந்தக் கொட்டிலை விட்டு உங்கடை பேர் வெளியிலை போகாது. அது எங்கடை தொழில் தர்மம்" என்றார்.

அக்கா மெல்லக் கதைப்பவள். கிடுகு வேலிக்கு வெளியே எனக்கு அவள் குரல் கேட்கவில்லை, அவர்களின் கேள்விகள்தான் கேட்டன. கனவில் நிறம் தெரிந்ததோ? எந்தப் பக்கம் சரிந்து படுத்தனீங்கள்? அன்றைக்கு இராச்சாப்பாடு என்ன? நடுவில் வடை வந்தது. புருசனைத் தேடி வந்தவளின் கனவு பாதியில் நிற்க, இவர்கள் சப்புக்கொட்டித் தின்றார்கள். "உறைப்புக் காணாது" என்றார் டொக்டர். எண்ணெய்க் கையைக் கதிரைச் சீலையில் துடைத்துவிட்டு, "ம், சொல்லுங்கோ பிள்ளை" என்றார் தலைவர். சீ! மனிதர்களா அதுகள்?

"என்னவாம்?" என்று வழியில் கேட்டேன்.

"பலன் சொல்லுறேல்லையாம். ஆராயிறது மட்டும்தானாம். ஆனா வடிவாக் கேட்டவை, எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்" என்றாள். காது கொடுத்துக் கேட்க ஆள் கிடைத்ததே அவளுக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தது.

கொஞ்ச நாளில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். படமும் ரேடியோவுக்குப் பற்றரியும் இல்லாத காலத்தில் எந்தக் கூட்டம் என்றாலும் சனம் வரும். அக்காவும் நானும் நடுவரிசை வாங்கில் இருந்தோம். மாமியின் தங்கச்சி முன்வரிசையில் இருந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"வலிகாமத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. பெயர் தவிர்க்கப்படுகிறது. கணவர் தபால் கந்தோர் எழுதுவினைஞர். இடது காலைச் சற்று இழுத்து நடப்பவர். கிளாலியில் வள்ளம் ஏறியபின் தகவல் இல்லை."

எங்கள் ஊரில் பெயரை யார் கேட்கிறார்கள்? எந்த ஊர், ஆருடைய ஆள், என்ன உத்தியோகம் என்று கேட்பார்கள், அதோடு ஆளைப் பிடித்துவிடுவார்கள். காலை இழுத்து நடக்கிற தபால் கந்தோர்க் கிளாக்கர் வலிகாமத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி அக்காவைப் பார்த்தன. அந்த மனுசனோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலே போனார்.

"கவனிக்கத்தக்க அம்சம் யாதெனில், கணவர் மணக்கோலத்திலேயே தோன்றுகிறார். பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை."

இது எனக்கும் தெரியாது. அக்கா என்னிடமே மறைத்திருந்தாள். கல்யாணக் கனவு சாவுக்கு, சாக்கனவு கல்யாணத்துக்கு என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த பலன். அதற்குப் பயந்துதான் அவள் அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள், பெயர் வெளியே போகாது என்று சொன்ன இந்தப் படித்தவர்களைத் தவிர. பின்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, அப்ப ஆள் முடிஞ்சுதணை" என்றாள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் நான் தலைவரை மறித்தேன். "பேர் சொல்லமாட்டம் எண்டியளே சேர்?"

"நான் பேர் சொன்னனானோ? ஆரையும் கேட்டுப் பாரும்." உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள், இந்தக் கோதாரி ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட்டு முழிசிக்கொண்டு நின்றது. "பலனும் நாங்கள் சொல்லேல்லைத் தங்கச்சி. சனம் சொன்னால் நாங்கள் என்ன செய்யிறது?" என்றார்.

நாங்கள் வீடு வருமுன் செய்தி வந்துவிட்டது. மாமி முற்றத்தில் தலைவிரி கோலமாய் இருந்தார். "என்ரை பிள்ளை மாலையோடை வந்து சொல்லியிருக்கிறான். நீ மறைச்சுப் போட்டியே! அவனை இவ்வளவு நாளும் அலைய விட்டிட்டியே!" என்று நெஞ்சில் அடித்து அழுதார். மாமியை என்னால் கோவிக்க முடியவில்லை. அவர் பெற்ற வயிறு. இவ்வளவு நாளும் மறுத்து நின்ற அக்கா அன்றைக்கு, "செய்யுங்கோ மாமி" என்றுவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ?

அந்தியேட்டி செய்யும் கீரிமலைக் கடற்கரைக்குப் போக வழியில்லாத காலம். ஊர்க் குளக்கரையிலேயே, தர்ப்பையில் அத்தானைச் செய்து, எரித்து, எல்லாம் முடித்தார்கள். அக்கா பொட்டை அழித்தாள், தாலிக்கொடியைக் கழற்றி மாமியின் கையில் கொடுத்தாள். அன்றைக்கு அத்தானின் கோப்பையை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குத் தலைவரும் வந்தார். வெட்கம் கெட்டவர், வந்து முதல் பந்தியிலேயே இருந்தார். வடையை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அக்கா வெள்ளைச் சீலையோடு சோறு கொண்டுவர, நிமிர்ந்து பார்த்து, "பிள்ளை, இப்பவும் அவர் கனவிலை வாறவரோ?" என்று கேட்டார். வாயில் வடை. எனக்கு என் கையிலிருந்த சாம்பார் வாளியை அப்படியே அந்தத் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

அக்கா அகப்பையால் சோற்றை அள்ளி அவருடைய இலையில் வைத்தாள்.

"வாறேல்லை, சேர். இனி உங்களிட்டைத்தான் வருவார். வந்தால் ஒரு பிடி சோறு போட்டு விடுங்கோ" என்றாள்.

மனுசன் தலை குனிந்தார். ஆனால் கையை இலையை விட்டு எடுக்கவில்லை.